பாக்கெட் உரையாசிரியர்

உங்கள் பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டோடு லிஃப்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவர் உள்ளே இருப்பார். பிளம்பரை அழைத்தால் நாலு நாள் ஆகிறது. இவரை அழைக்கவே வேண்டாம். காலை நடை முடிந்த கான்வாஸ் ஷூ, கழுத்தில் சின்னத் துண்டு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட வெள்ளெழுத்துக் கண்ணாடி.

"என்னடா கண்ணா அது? காமி பாப்போம்."

பிள்ளை தயங்கித் தயங்கி நீட்டும். அவர் வாங்கியதும் திருப்புவார். பாக்கெட்டுக்கு முன்பக்கம் ஒன்று உண்டு, அதில் ஒரு புலி சிரித்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடி மூக்குக்கு இறங்கும். உரை தொடங்கும்.

முதலில் பதவுரை. "எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும், இறங்கு வரிசை, சட்டம். இங்க பாரு, ரெண்டாவதே சர்க்கரை!" சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அவர் சொல்வதில் பாதி சரியாக இருப்பதுதான் நமக்குப் பெரிய தொல்லை. முழுக்கத் தப்பாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

அடுத்தது பொழிப்புரை. "32 கிராம். ஒரு ஸ்பூன் 4 கிராம். வகு!" பையன் படிப்பது இரண்டாம் வகுப்பு. அங்கே இன்னும் கழித்தலே முடியவில்லை. விடையை அவரே சொல்லிவிடுவார்: "எட்டு ஸ்பூன்! எட்டு ஸ்பூன் சர்க்கரையை அள்ளி அள்ளி வாயில போட்டுப்பியா?" அந்த 32 கிராம் என்பது 100 கிராம் பண்டத்துக்கான கணக்கு. பையன் கையில் இருந்ததோ 30 கிராம் பாக்கெட். இரண்டரை ஸ்பூன்கூடத் தேறாது. அதுவும் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லிஃப்ட் மூன்றாவது மாடியில் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது, எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிறது.

கடைசியில் விசேட உரை. "ஐஎன்எஸ் 330, ஐஎன்எஸ் 500, இதெல்லாம் என்னன்னு தெரியுமா?" பையன் கண் விரிந்தது. ஐஎன்எஸ் விக்ராந்த் அவனுக்குத் தெரியும். பாக்கெட்டுக்குள் ஒரு கடற்படையே இருப்பதாக எண்ணிவிட்டான். "கெமிக்கல்!" என்று அவர் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. 500 சோடா உப்பு வகை. அவர் வீட்டு பஜ்ஜி மாவிலும் ஒரு சிட்டிகை விழும்.

பஜ்ஜி என்றதும் ஞாபகம் வருகிறது. லேபிள் இல்லாத எதற்கும் அவரிடம் உரை கிடையாது. பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடித்துவிட்டு, நடைக் கூட்டாளிகளோடு நெய் வழியும் பொங்கலும் மெதுவடையும் சாப்பிட உட்காருவார். வடையைத் திருப்பிப் பார்த்தாலும் எழுத்து ஏதும் இருக்காதே. வெல்லமும் அப்படித்தான், சர்க்கரை என்ற சாதியிலேயே அதைச் சேர்க்கமாட்டார். உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும்கூடக் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அது தேன் பாட்டிலின் பின்பக்கத்தில் போட்டில்லை.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண் அது. மருத்துவர் யாரும் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லை. இவருக்கோ வேதவாக்கு. கையிலிருக்கும் கடிகாரம் 9,700 காட்டினால், இரவு பத்து மணிக்கு நம் தலைக்கு மேல் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடை நடக்கும்.

அந்த அடிகளால் ஊருக்கும் நன்மை செய்யப் பார்த்தார். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டதல்லவா? ஒருநாள் பள்ளி கேட்டிலிருந்து மூலைக்கடை வரை அடியெடுத்து அளந்தார். அறுபத்தெட்டாவது அடியில் கடை வந்துவிட்டது. "ஐம்பது மீட்டருக்குள்ளதான் வருது" என்றார் வெற்றியோடு. கடை அண்ணாச்சி அசரவில்லை. "சார் உசரத்துக்கு ஒரு எட்டு ஒரு மீட்டர் வருமே சார். அப்போ அறுபத்தெட்டு மீட்டர்லா?" அவர் தன் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்தார். திரும்பும்போது கையில் கடலை மிட்டாய் இருந்தது. வெல்லம்தானே.

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் இல்லை. தெருவில் எந்தப் பிள்ளை ஒல்லி, எது காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. 5 முதல் 17 வயது வரை பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று விடியற்காலையில் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர் அவர்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர்தான். "வாகன நிறுத்துமிடத்தில் பந்து விளையாடவோ ஓடவோ கூடாது" என்ற பலகையில் இருப்பது அவர் கையெழுத்து. வாகன நிறுத்துமிடத்தை விட்டால் எங்கள் குடியிருப்பில் வேறு தரையே கிடையாது. மொட்டை மாடிக்குப் பூட்டு. தெருவில் தண்ணீர் லாரி. பிள்ளைகள் லிஃப்ட் வாசல் படியில் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். போன் பார்க்கும்போது கை சும்மா இருக்காது, பாக்கெட்டைத் தேடுகிறது. அதைத்தான் அவர் பிடுங்கிப் படிக்கிறார்.

கேட்டேன். "ஓடட்டும் சார், நானா வேண்டாங்கறேன்? கார் கண்ணாடி என்ன விலைன்னு தெரியுமா?" என்றார்.

பறிமுதலான ரப்பர் பந்துகள் வாட்ச்மேன் அறையில் ஒரு பெயின்ட் வாளி நிறைய இருக்கின்றன. பெற்றோர் எழுத்துமூலம் கேட்டால் திருப்பித் தருவார்களாம். போன மாதமே எழுதிக் கொடுத்தேன். கமிட்டி இன்னும் கூடவில்லை என்கிறார்.