காலம் மூன்று, சட்டை நான்கு

கேள்வி: ஆங்கிலத்தில் 12 காலங்களாமே! 'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' வித்தியாசமே பிடிபடவில்லை. என்ன வழி?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: பயம் வேண்டாம். தொல்காப்பியர் சொன்ன அதே மூன்று காலம்தான். ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் நான்கு சட்டை தைத்து வைத்திருக்கிறது. 'ஐ சா' என்றால் 'பார்த்தேன்'; 'ஐ ஹேவ் சீன்' என்றால் 'பார்த்திருக்கிறேன்'. 'நேற்று தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்' என்பீர்களா? காது ஒப்பாது. அங்கேயும் அப்படித்தான்: 'எஸ்டர்டே' வந்த வாக்கியத்தில் 'ஹேவ் சீன்' உட்காராது. 'ஐ ஆம் நோயிங்' தப்பு என்பதற்கும் தமிழே சாட்சி. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்றா சொல்கிறோம்? 'தெரியும்' என்கிறோம், 'ஐ நோ', அவ்வளவுதான்.

தினமும் இரவில் அன்று நடந்ததை ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள், வாய்விட்டுப் படியுங்கள். தப்பு வந்தால் வரட்டும். எழுத எழுத இறந்தகாலத்துக்கும் உயிர் வந்துவிடும்!