பந்து சோறு போடுமா?

கேள்வி: மகள் காற்பந்தே கதி என்கிறாள். பெண்பிள்ளைக்கு அது சோறு போடுமா?
– ஒரு தாய், கியா பார்ம், கேமரன் மலை

பதில்: போடும் அம்மா, ஆனால் இந்தியாவில் பல நேரம் போலீஸ் காக்கிச் சட்டையும் சேர்ந்துதான் பரிமாறுகிறது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். மணிப்பூரின் காற்பந்து வீராங்கனை பாலா தேவியும் போலீஸ்தான். 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. ஐரோப்பிய கிளப் ஒன்றில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அத்தனை தாமதமாகக் கதவு திறந்ததில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

உங்கள் ஊரில் பந்து கொஞ்சம் தவறினாலும் தேயிலைச் சரிவில் உருண்டுவிடும். கால் அடக்கம் தானாக வந்துவிடும்! நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். எஸ்.பி.எம். தேர்வுப் புத்தகத்தை மட்டும் மூடவிடாதீர்கள்.