எந்த கப்?

ரிட்டயர் ஆன கையோடு சமையலறைக்குள் நுழைந்தவர் இவர். சமைக்கத்தான் வந்தார் என்று நினைத்தால் அது உங்கள் பேராசை. கையில் எலக்ட்ரானிக் தராசு. எங்கள் வீட்டில் சித்தப்பா. உங்கள் வீட்டில் மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார்.

சித்தி ‘ஒரு கப் மைதா’ என்று வாயைத் திறக்கக் கூடாது.

“எந்த கப்? அமெரிக்கா கப்புன்னா 240 மில்லி. ஆஸ்திரேலியா கப்பு 250. ரைஸ் குக்கரோட வர்ற கப்பு 180.”

“காது உடைஞ்ச கப்பு.”

அதற்கும் அசரவில்லை. அந்தக் கப்பில் தளும்பத் தண்ணீர் ஊற்றி நிறுத்து, அடியில் மார்க்கரால் 212 என்று எழுதிவிட்டார்.

அடுத்த கேள்வி: “தலை தட்டியா, கோபுரமாவா?” பதிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். டப்பாவுக்குள் அமெரிக்கா கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் மைதா 150 கிராம்கூட ஏறும். கரண்டியால் தூவித் தலை தட்டினால் 120 சொச்சம்தான். அதே கப்பில் சர்க்கரை 200, தேன் 340. ஒரு ஸ்பூன் பொடி உப்பும் ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரே எடையா? இல்லை. சொல்வதெல்லாம் சரி. எரிச்சலே அதுதான்.

பாட்டியின் பித்தளை ஆழாக்கையும் விடவில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி, ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு என்று ஆரம்பித்தார். “இதால அளந்துதான்டா உன் கல்யாணத்துக்கே பொங்கினேன். யாருக்குப் பத்தாம போச்சு?” என்றாள் பாட்டி. சித்தப்பா தராசை அணைத்துவிட்டார்.

டொரொண்டோவில் இருக்கும் மகளுக்கு ரவா லட்டு செய்முறை வேண்டியிருந்தது. சித்திக்குத் தெரிந்த அளவு ‘ரெண்டு கை, மூணு கை’. அவள் வாரிய ஒவ்வொரு பிடியையும் தராசில் போடச் சொன்னார். 38, 39, மறுபடி 38. “உன் கையே தராசுடி” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சித்தியைப் பாராட்டி நான் கேட்டது அதுதான். லட்டும் அங்கே நன்றாக வந்ததாம்.

ஆனால் கிண்ணங்கள்! டேர் பட்டனை அழுத்தி அழுத்தி ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் நிறுக்கலாம், தராசின் பெரிய சௌகரியமே அது என்று நமக்குப் பாடம் எடுப்பவர், தான் நிறுக்கும்போது சர்க்கரைக்கு ஒன்று, நெய்க்கு ஒன்று, இரண்டு ஏலக்காய்க்கு ஒன்று என்று பரப்புவார். அதில் ஒன்றைக்கூடக் கழுவியதில்லை. தராசில் பேட்டரி தீர்ந்தால் டிவி ரிமோட்டிலிருந்து உருவிக்கொள்வார். அதைத் திருப்பிப் போட்டதும் இல்லை.

போன தீபாவளிக்கு மைசூர்பாகு. அடுப்பில் பாகு கொதிக்கிறது, கடலைமாவு இன்னும் தராசில். “ஒரு நிமிஷம், நாலு கிராம் கூட இருக்கு” என்று ஸ்பூனால் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார். “கம்பிப் பதம் தாண்டிடுச்சு, கொண்டாங்க!” என்று சித்தி கத்துகிறாள். அவர் கொண்டுவந்த மாவு துல்லியமாக 100 கிராம். மைசூர்பாகைத்தான் அம்மிக் குழவியால் உடைக்க வேண்டியிருந்தது.

தட்டைச் சுற்றி எல்லோரும் நின்றோம். சித்தப்பா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, பல்லைத் தடவிக்கொண்டு, “அளவெல்லாம் கரெக்டு. சூடுதான் தப்பு” என்றார்.

தெர்மாமீட்டர் ஆர்டர் போட்டாயிற்று. வியாழக்கிழமை வருகிறது.