நாற்பதுக்கு மேல் சைக்கிள்

சைக்கிள் கற்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் எட்டு, ஒன்பது வயதில் கற்பவர்கள். இவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விழுவார்கள், முட்டியைத் தேய்த்துக்கொள்வார்கள், காயத்தில் ஒரு கை மண்ணைப் பூசிவிட்டு மறுபடி ஏறுவார்கள். இரண்டாம் வகையினர் நாற்பதைத் தாண்டிய பிறகு கற்பவர்கள். விழுந்தால் என்ன ஆகும் என்பதை விழுவதற்கு முன்பே முழுமையாக அறிந்தவர்கள். எலும்பு கூட எத்தனை வாரம், மருத்துவ விடுப்பு எத்தனை நாள் பாக்கி, மாவுக்கட்டோடு சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போனால் யார் என்ன கேட்பார்கள் என்பது வரை கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அறிவு முற்றி, முழங்கால் தேயத் தொடங்கும் பருவம் அது.

சிறுவயதில் ஏன் கற்கவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. பொம்பளைப் பிள்ளைக்கு சைக்கிள் எதற்கு என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். அல்லது பள்ளிக்கூடம் எதிர்வீடாக இருந்திருக்கும். அல்லது வீட்டில் இருந்த ஒரே வண்டி அப்பாவுடையதாக இருந்து, அதைத் துடைக்க மட்டும் அனுமதி கிடைத்திருக்கும். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: முப்பது ஆண்டுகளாக ஒரு பொய். “ஓட்டத் தெரியும், டச் விட்டுப்போச்சு” என்பது அந்தப் பொய்யின் பொது வடிவம். நீச்சல், ஆங்கிலம், ஹார்மோனியம் ஆகியவற்றுக்கும் இதே வாக்கியம் பயன்படுவதாகத் தெரிகிறது.

சிறுவர்கள் கற்கும் முறையை முதலில் பார்த்துவிடுவது நல்லது. மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்ட சைக்கிள் கடைகளில் சின்ன வண்டி கிடைக்காதபோதும், வீட்டிலிருந்த பெரிய வண்டியில் கால் எட்டாதபோதும், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கையாண்ட வழி குரங்கு பெடல். சீட்டில் உட்காருவதில்லை. பாருக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளிக்குள் ஒரு காலை நுழைத்து, மறுபக்கப் பெடலை மிதித்து, உடம்பை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, வண்டியை எதிர்ப்பக்கம் சாய்த்து ஓட்டுவது. பெடல் முழுச் சுற்று சுற்றாது. பாதி மிதித்து, பின்னுக்கு இழுத்து, மறுபடி பாதி மிதிக்க வேண்டும். சில மாதம் கழித்துப் பார் மேல் ஏறலாம். கால் நீண்ட பிறகு சீட்டு.

இதில் கவனிக்க வேண்டியது உடற்பயிற்சி அல்ல, அந்தஸ்து. குரங்கு பெடல் போடும் பையனை யாரும் ‘ஓட்டத் தெரியாதவன்’ என்று சொன்னதில்லை. ‘குரங்கு பெடல் போடுறான்’ என்றுதான் சொன்னார்கள். அது ஒரு தனி நிலை. அதற்குப் பெயர் இருந்தது, மரியாதைகூட இருந்தது. கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வருகிற அளவுக்கு நம்பிக்கையும் இருந்தது. 2024இல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது. ‘பாதி தெரிந்தவர்’ என்று யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

நாற்பது வயதுக்காரருக்கு இந்த நிலை இல்லை. யாரும் மறுக்கவில்லை, அவரே தனக்குத் தர மறுக்கிறார். முதல் நாளே சீட்டில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, பெல் அடித்தபடி தெருமுனையைக் கடக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அது நடக்காதபோது, தனக்கு எதுவுமே வராது என்ற முடிவுக்கு வருகிறார். எதுவுமே என்றால் எதுவுமே. பத்தடி தூரம் ஓடாத ஒரு சைக்கிளிலிருந்து, எப்போதோ விட்டுப்போன பதவி உயர்வு வரை போய்வர அவருக்குப் பத்து விநாடி போதும். வேகத்தைப் பொறுத்தவரை இது சைக்கிளைவிட மேல்.

பயிற்சிக்கான இடமும் நேரமும் ரகசியமாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பெரும்பாலும் ஏதாவது ஒரு மைதானம், விடிகாலை ஐந்தரை மணி. ஊரில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது கணக்கு. ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், சர்க்கரைக்காக நடப்பவர்கள், அவசரமில்லாதவர்கள், அறிவுரை நிறைந்தவர்கள் என்பது முதல் நாள்தான் தெரியவரும். “நேரா பாருங்க சார்” என்பார் ஒருவர். அடுத்த சுற்றில் வருபவர் “கீழே பாருங்க” என்பார். மூன்றாமவர் நின்று, இடுப்பில் கைவைத்து, “இந்த வயசுல எதுக்குங்க?” என்று கேட்பார். இதை அறிவுரைக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை என்றாலும் அதிகம் கிடைப்பது இதுதான்.

அடுத்து, பிடிப்பவர். கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிவரும் மனைவி, கணவர், மகன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் இதில் அடங்குவர். இந்தப் பதவிக்குத் தகுதி உண்மை பேசாதிருத்தல். “விட்டுடாதீங்க!” என்று முன்னாலிருந்து குரல் வரும். “விடலை, பிடிச்சிருக்கேன், நீ ஓட்டு” என்று பின்னாலிருந்து பதில் வரும். பதிலின் ஒலி தூரத்திலிருந்து வருவதை வைத்து முன்னால் இருப்பவர் உண்மையைப் புரிந்துகொள்கிறார். புரிந்த கணம் விழுகிறார். அதுவரை தானாகவே நாற்பதடி ஓட்டிவந்தார் என்பது அப்போது அவருக்கு நினைவில் இருப்பதில்லை. பிடித்தவர் ஏமாற்றிவிட்டார் என்பது மட்டும் அன்று மாலை வரை, சில வீடுகளில் அடுத்த தீபாவளி வரை நினைவில் இருக்கும்.

சைக்கிள் ஏன் விழாமல் நிற்கிறது என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். சுழலும் சக்கரங்களின் பம்பர விசைதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் யாராலும் ஓட்ட முடியாத சைக்கிளைச் செய்துகாட்ட முயன்று, அந்த முயற்சியைப் பற்றி 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டிப் பம்பர விசையைக் கழித்துப் பார்த்தார். வண்டி ஓடியது. ஓட்ட முடியாத சைக்கிளைச் செய்வது அவ்வளவு கடினம். மைதானத்தில் இருப்பவர் சாதாரண வண்டி ஒன்றின் மேல் உட்காருவதன் மூலமே அதைச் சாதித்துவிடுகிறார் என்பது ஜோன்ஸுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 2011இல் ஓர் ஆய்வுக் குழு, பம்பர விசையும் முன்சக்கர அமைப்பின் சாதகமும் இல்லாத ஒரு சிறு வண்டியைச் செய்து உருட்டிவிட்டது. தள்ளிய வேகத்தில், ஆளில்லாமலே அது விழாமல் ஓடியது. சாயும்போது அதன் ஹேண்டில் தானாகவே சாயும் பக்கம் திரும்பியதுதான் விஷயம்.

கற்பவர் படும் பாடு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் உடம்பின் எடைக்கு அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்தும் விளையாட்டும் இதுதான். குச்சி சாயும் பக்கம் கை போனால் குச்சி நிற்கும். ஆனால் விழப்போகும் மனிதரிடம் விழும் பக்கமே திரும்பச் சொன்னால் கேட்பாரா? அவர் மறுபக்கம் திருப்புவார். ஆயுள் முழுக்க ஆபத்திலிருந்து விலகி ஓடிய அதே பழக்கத்தில் திருப்புவார். உடனே விழுவார்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கும் இதே கதைதான். 1884இல், 48 வயதில், முன்சக்கரம் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி நிற்கும் அந்தக் காலத்து சைக்கிளைக் கற்றார். மறைவாக இருக்கட்டும் என்று வீட்டின் பின்முற்றத்தில் பயிற்சி நடந்தது. ஐந்தரை மணி மைதானத்தின் அமெரிக்க வடிவம் என்று இதைக் கொள்ளலாம். விழும் பக்கம் திருப்பு என்று சொன்னால் நம்புவது கடினம். நம்பிய பிறகும் செய்வது அதே அளவு கடினம் என்பது அவர் கண்டறிந்தது. மூளைக்குப் புரிந்தது கைக்குப் போய்ச்சேரத் தனியாக நாள் ஆகிறது. நாய்களைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது: தேர்ந்தவர்கள் முயன்றாலும் ஒரு நாயின் மேல் ஏற்ற முடியாது, தாம் முயலாமலே வந்த நாயின் மேலெல்லாம் ஏற்றியாயிற்று என்று. இதையெல்லாம் அவர் எழுதிவைத்த கட்டுரை அவர் இறந்த பிறகு, 1917இல்தான் நூலில் இடம்பெற்றது.

கண் போகும் இடத்துக்கு வண்டி போகும் என்பது ‘விழும் பக்கம் திருப்பு’ என்ற விதியின் துணைவிதி. அகன்ற மைதானத்தில் ஒரே ஒரு செங்கல் கிடந்தால், கற்பவர் அதைத் தேடிப்போய் ஏற்றுவார். அதைத் தவிர்க்க வேண்டும் என்று அவ்வளவு தீவிரமாக அதையே பார்த்துக்கொண்டு வந்ததுதான் காரணம். பயம் வந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் பயம் கூடும். பிடி இறுகும். இறுகிய பிடியில் ஹேண்டில் எந்தப் பக்கமும் தானாகத் திரும்பாது. மெதுவாகப் போனால் பத்திரம் என்று பெரியவர்கள் சொன்னது வேறு வாகனங்களுக்கு.

விழுந்து எழும்போது கற்பவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்பவை தனி ஆராய்ச்சிக்கு உரியவை. சில்லறை இல்லாத பயணியிடம் கண்டக்டர்கூட அப்படிப் பேச மாட்டார். பக்கத்தில் வேறொருவர் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கி, “பரவால்லீங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்பவர், தன்னிடம் மட்டும் “உனக்கெல்லாம் இது தேவையா?” என்கிறார். கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இல் தற்பரிவை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார். தன்னிடம் கனிவு, தடுமாற்றம் எல்லோருக்கும் பொது என்ற உணர்வு, நடந்ததை மிகைப்படுத்தாமல் பார்ப்பது ஆகிய மூன்றும் அதன் கூறுகள். கனிவு காட்டினால் சோம்பல் வந்துவிடும் என்ற பழைய பயத்துக்கும் பதில் உண்டு. ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தம்மிடம் பரிவோடு இருக்கச் சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். திட்டினால்தான் உருப்படுவோம் என்று வளர்க்கப்பட்ட தலைமுறைக்கு இந்த முடிவு கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

பரிவோடு கற்றவருக்கு எடுத்துக்காட்டு பிரான்சிஸ் வில்லார்ட். அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்தின் தலைவர். 53 வயதில் கற்றார். வண்டிக்கு கிளாடிஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பொருளிடம் கோபப்படுவது சற்றுக் கடினம் என்பதை நம் ஊரில் மாடு வளர்ப்பவர்கள் அறிவார்கள். நாளுக்குக் கால் மணி நேரம், சுமார் மூன்று மாதம் என்று தம் கணக்கை 1895இல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் கற்ற வரிசைதான் அழகு: முதலில் மிதிப்பது, பிறகு திருப்புவது, பிறகு இறங்குவது, கடைசியாக ஏறுவது. யாரோ ஏற்றிவிட ஓட்டியதையும் அவர் ஓட்டியதாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார். குரங்கு பெடலின் பண்பு இது. அதே 1895இல், 67ஆவது வயதில், ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயும் மாஸ்கோவில் கற்றுக்கொண்டார். அவருடைய சீடர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஞானி ஒருவர் தள்ளாடுவதைச் சீடர்களால் பார்க்க முடியாது போலும்.

புதுக்கோட்டையில் நடந்தது இவற்றையெல்லாம்விடப் பெரியது. 1991இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் பாடமாயிற்று. வயல்வேலை செய்தவர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். குழந்தையை உட்காரவைக்கப் பார் வசதியாக இருக்கிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே யாரும் விடிகாலை இருட்டைத் தேடவில்லை. ஊரே பார்க்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்தார்கள். பக்கத்தில் இன்னொருத்தி விழுந்துகொண்டிருந்தாள். நேற்றுக் கற்றவள் இன்று கற்றுக்கொடுத்தாள். தனியாக விழுவதற்கும் லட்சம் பேரோடு விழுவதற்கும் சிராய்ப்பில் வித்தியாசமில்லை, வெட்கத்தில்தான் வித்தியாசம்.

தனியாகக் கற்பவருக்கும் ஒரு குரங்கு பெடல் உண்டு. சீட்டைப் பாதம் தரையில் படியும் அளவுக்கு இறக்கி, இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டு, காலால் தரையை உந்தி உந்தி நகர்வது. பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் இன்று பரவலாகக் கையாளும் வழி இது. பார்ப்பதற்கு கௌரவமாக இருக்காது. ஆனால் 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டி இப்படித்தான் இருந்தது. அதில் பெடலே கிடையாது. உந்துவதிலிருந்து பாரிஸ் பட்டறைகளின் பெடலுக்கு வந்துசேர மனிதகுலத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆயிற்று. கற்பவர் இதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டால் தாமதம் என்று சொல்ல முடியாது. உந்தும் கால்கள் ஒரு நாள் தரையில் படாமல் பதினைந்தடி போகும். அன்று பெடலை மாட்டலாம். மறுநாள் மறுபடி ஐந்தடிதான் போகும். இது விதிவிலக்கல்ல; பாடத்திட்டத்தில் உள்ளது.

ஓட்டத் தெரிந்துவிட்டதன் அடையாளம் ஆட்டம் நின்றுபோவது அன்று. மழை பெய்து ஓய்ந்த மண்தரையில் தேர்ந்தவர் ஓட்டிப்போன தடத்தைப் பார்த்தால், முன்சக்கரத்தின் கோடு நெளிந்து நெளிந்துதான் போகும். புதியவர் பெரிதாகச் சாய்ந்து பெரிதாகத் திருப்புகிறார். பழகியவர் நொடிக்கு நொடி சிறிதாகச் சாய்ந்து சிறிதாகத் திருப்புகிறார்.

மீதி உள்ளவை சில்லறைத் திறமைகள். ஒரு கையை எடுத்து சைகை காட்டுவது சிலருக்கு ஆறு மாதத்தில் வரும். சிலருக்கு வராது, அவர்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டிய வீடுகளுக்கு இடப்பக்கமாகச் சுற்றிப் போவார்கள். ஓடும் வண்டியில் காலைத் தூக்கிப்போட்டு ஏறுவது பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. நிற்பதற்குப் பலருக்கு இன்னமும் ஒரு கல், ஒரு படி, ஒரு விளக்குக் கம்பம் வேண்டும். இவர்களுடைய ஊர் வரைபடம் அதன்படி மாறிவிடுகிறது. பக்கத்துப் பால் கடையை விட்டு இரண்டு தெரு தள்ளியுள்ள கடைக்குப் போகிறார்கள். அங்கே வாசலில், கால் ஊன்றுவதற்குச் சரியான உயரத்தில் ஒரு படிக்கல் இருக்கிறது. பால் என்னவோ இரண்டு கடையிலும் ஒரே பால்தான்.