கிருமி எண்ண வர்றவரை ஏமாத்துறது எப்படி?

வாடா மருமவனே, இப்படிக் குந்து. கூட்டேரிப்பட்டாண்ட ரோட்டோரமா ஓட்டல் தொறந்துட்ட. மேசையில மொகம் பாத்துத் தலை வாரலாம், அம்மாம் பளபளப்பு. ஆனா அதே மேசையில கிருமி எண்ண ஆளு வரப்போவுதுன்னதும் உன் மொகம் ஏன்டா சுருங்குது? பயப்படாத. ஏமாத்துற வழி நான் சொல்றன்.

ஈரப் பஞ்சுக்குச்சியால, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் எடத்தைத் தேய்ச்சு எடுப்பாங்க. இம்மாம் பெரிய கடையில உள்ளங்கை அகலந்தான்! அதை மட்டும் கழுவி வச்சாப் போதும். எந்த எடம்னுதான் முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. நீ மேசையைக் காட்டுவ. அவங்க ஃபிரிட்ஜ் கைப்பிடியையும், காய் வெட்டுற பலகையில கத்தி கீறின கோட்டையும் தேய்ப்பாங்க.

வர்ற நேரம் பாத்து பிளீச்சிங் தண்ணியை ஊத்திட்டா? பஞ்சுல ஒட்டிக்கினு போயி வழியிலயே கிருமியைக் கொன்னுடும்னு கணக்குப் போடுற. மூளைக்காரன்டா நீ! உன்னாட்டம் ஆளுங்களுக்குன்னே பஞ்சு போடுற குழாயில தயோசல்பேட் கலந்து வச்சிருப்பாங்க. அது குளோரினை முறிச்சிடும். தப்பிச்ச கிருமி உசுரோடவே ஆய்வகம் போய்ச் சேரும்.

அங்க அதுக்கு மாப்பிள்ளை மரியாதை. கடல்பாசியில காய்ச்சின அகர் தட்டு, நம்ம ஒடம்புச் சூடு. அகருக்கு முன்னாடி ஜெலாட்டின்ல வளத்தாங்க. அந்தச் சூட்டுக்கு அது உருகி ஓடிடும். 1881ல ஜெர்மனியில ஃபேனி ஹெஸ்ஸேன்ற அம்மா, தன் சமையல்கட்டு அகரைக் கைகாட்டினப்புறந்தான் தொல்லை தீந்துது. இன்னிக்கும் அதேதான். 24லருந்து 48 மணி நேரத்துல புள்ளி புள்ளியா மொளைக்கும், எண்ணிடுவாங்க. தட்டையான மேசைன்னா பஞ்சே வேணாம், முத்திரை குத்துறாப்பல அகரையே அமுக்கி எடுத்துக்கினு போயிடுவாங்க.

ரெண்டு நாள் அவகாசம் இருக்குதே, யாரையாவது பாத்துச் சரிக்கட்டலாம்னு பாக்குறியா? அதுக்குத்தான் மின்மினிப்பூச்சியோட லூசிஃபெரேஸ்ன்ற நொதி இருக்குது. உசுருங்ககிட்டயும் சாப்பாட்டு மிச்சத்துலயும் இருக்கிற ஏடிபின்ற பொருள் பட்டா வெளிச்சம் விடும். மெஷின் அரை நிமிசத்துல கணக்குச் சொல்லிடும். ஆனா கிருமி எது, காஞ்ச சாம்பார் எதுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது. அதனால ரெண்டுக்கும் சேத்தே வாங்கிக் கட்டிக்குவ.

அப்புறம், உன் பையன் தோள்ல ஒரு துணி போட்டிருக்கானே, காலையில வெள்ளை, மத்தியானம் பழுப்பு, அதை எங்கியாவது ஒளிச்சு வை. உன் மேசைக்குப் பளபளப்பு தர்றது அதான். ஒரு மேசைக் கிருமியை ஒம்போது மேசைக்குப் பரிமாறுறதும் அதேதான்.

இன்னும் ஒரு வழிதான் பாக்கி. சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவி, அதுக்கப்புறம் பிளீச்சிங் போடு. அழுக்கு மேலயே ஊத்தினா அழுக்கே குளோரினைத் தின்னுடும். கொஞ்ச நேரம் ஊற விட்டு, கழுவிக் காய விடு. துணியைக் கொதிக்க வச்சு வெயில்ல போடு. தெனமும் பண்ணு. எண்ண வந்த மனுசன் எண்ணுறதுக்கு ஒண்ணும் கெடைக்காம ஏமாந்தே போவாரு பாரு!

அதுவரைக்கும் எனக்கு வாழையெலையில சோறு போடு. எலையை நானே கழுவிக்கிறன்.