ஐந்நூறாவது யூனிட்

ஒரு மனிதன் சாப்பிட, உடுத்த, ஊர் சுற்ற, அவன் விடும் புகையையும் உறிஞ்ச எவ்வளவு நிலமும் கடலும் காடும் வேண்டும்? 1990களின் தொடக்கத்தில் கனடாவின் வான்கூவரில் வில்லியம் ரீஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் மத்தீஸ் வேக்கர்நேகலும் இதற்கு ஒரு கணக்குப் போட்டு, சூழலியல் கால்தடம் என்று பெயரும் வைத்தார்கள். அந்தக் கால்தடம் முப்பது வருஷம் நடந்து எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கூட்டி வந்தவன் கல்லூரியில் படிக்கும் என் மகன்.

இணையத்தில் இதற்கென்று ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னால், உலகத்தில் எல்லாரும் உங்களைப் போலவே வாழ்வதற்கு எத்தனை பூமி தேவை என்று சொல்லிவிடும். மகன் கேட்க, குடும்பமே உட்கார்ந்து பதில் சொன்னோம்.

"வீட்டில் மின்சாரம் இருக்கிறதா?"

"எந்த வருஷம்னு கேட்டுச் சொல்லு" என்றேன். மார்ச் கடைசிவாக்கில் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் விளக்கை அணைத்து உலகம் 'பூமி நேரம்' கொண்டாடுகிறது. 2012 மின்வெட்டில் கோயம்புத்தூர்க்காரர்கள் அதைத் தினமும் கொண்டாடினார்கள், பகலிலும் சேர்த்து.

"அசைவம் எத்தனை நாளைக்கு ஒருமுறை?"

அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "செவ்வாய், வெள்ளி கிடையாது. சனிக்கிழமை கிடையாது. அமாவாசை, கிருத்திகை கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது." அந்தக் கால்குலேட்டரில் புரட்டாசிக்குப் பொத்தான் இல்லை. மகன் 'எப்போதாவது' என்பதை அழுத்தினான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடப்பதைப் பார்த்திருந்தால் கால்குலேட்டர் அதை ஒப்புக்கொண்டிருக்காது.

"வீட்டில் எத்தனை பேர்?"

இங்கேதான் சிக்கல். ஒரே வீட்டில் ஆள் கூடக் கூட, தலைக்கு விழும் தடம் குறையுமாம். விளக்கு ஒன்று, ஃபிரிட்ஜ் ஒன்று, பங்கு போட ஆள் அதிகம்.

"அப்போ உங்க மதுரைச் சித்தப்பா குடும்பத்தோட வந்து ஒரு மாசம் தங்கினா நல்லதா?" என்றாள் மனைவி.

"பூமிக்கு நல்லதும்மா" என்றான் மகன்.

"அப்படீன்னா பூமியே வெச்சுக்கட்டும்."

முடிவு வந்ததும் மகன் சீர்திருத்தத்தில் இறங்கினான். முதல் நடவடிக்கை, ஷாப்பிங். மூங்கில் பிரஷ், கொட்டாங்குச்சி சோப்பு டப்பா, எவர்சில்வர் ஸ்ட்ரா. எங்கள் வீட்டில் ஸ்ட்ரா போட்டு யாரும் எதையும் குடித்தது கிடையாது. இளநீரைக்கூட அம்மா அண்ணாந்துதான் குடிப்பாள். கிழிந்த வேட்டியைக் கரித்துணியாக்கி, அது நைந்ததும் மிதியடியாக்கும் அவள், அந்த சோப்பு டப்பாவின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்த விலைக்குத் தேங்காயும் சேர்த்துத் தருவாங்களே" என்றாள்.

அடுத்தது பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. எங்களுக்கு அது மீள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் சமையலறைக் கதவின் பின்னால் ஒரு பெரிய தாம்பூலப் பைக்குள் நிறைந்து கிடக்கின்றன. மகன் அதிலும் கணக்கோடு வந்தான். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் ஆகும் செலவையெல்லாம் சேர்த்தால், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் கார்பன் விஷயத்தில் ஒரு பிளாஸ்டிக் பையோடு சமன் ஆகுமாம். 2011-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்கிறது. நம் ஊரில் இது எப்படி முடியும்? ஒரு பை நூறைத் தொடுவதற்குள், அதில் பெயர் அச்சடித்த தம்பதியின் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து வந்துவிடுகிறது. அங்கேயும் ஒரு பை கொடுக்கிறார்கள்.

பிளாஸ்டிக்கை ஒழிக்கச் சொல்வது கார்பனுக்காக மட்டும் அல்ல. அது சாக்கடையை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் போய் உட்காருகிறது. ஆகவே துணிப்பை சரிதான். ஆனால் கையில் மஞ்சப்பையோடு மார்க்கெட் போய் வந்த பெருமிதத்தில் வீட்டுக்குள் நுழைந்து ஏசியைப் பதினெட்டில் வைக்கிறோமே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் ஏழெட்டு யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கேரி பேக்குகளின் கார்பன் காலி. பை ஊருக்குத் தெரியும். ஏசி ரிமோட்டைப் பார்க்க ஊரில் ஆள் கிடையாது.

"பாட்டி, இருபத்திநாலுல வைங்க. ஒரு டிகிரி ஏத்தினா ஆறு சதவீதம் மிச்சம்னு கவர்மென்ட்டே சொல்லுது" என்றான் மகன். 2020 முதல் புது ஏசிகளெல்லாம் போட்டவுடன் 24-இல்தான் ஓட வேண்டும் என்று விதியே இருக்கிறது.

"எழுபது வருஷம் வேர்த்தாச்சுடா. என் பங்கு மிச்சமிருக்கு" என்றாள் அம்மா. பருவநிலை மாநாடுகளில் இந்தியப் பிரதிநிதிகள் பக்கம் பக்கமாக வாசிக்கும் வாதம் இதுதான்.

பனிப்பாறை, பனிக்கரடி, கடல்மட்டம் என்று மகன் எதைச் சொல்லியும் ரிமோட் நகரவில்லை. அதை நகர்த்தியது என் மனைவி. வாசலில் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தவள், "நானூத்தி நாப்பது. ரீடிங் எடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்றாள்.

வீடு அமைதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். ஐந்நூறைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. பின்னால் கிடக்கும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எப்போதோ ஆறின சோற்றுக்கு இன்றைக்குப் பில் போடுவார்கள்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீடு சபர்மதி ஆசிரமம். ஏசி 27-இல், கூடவே ஃபேன். கீசருக்கு விடுமுறை. கசங்கின சட்டையோடு ஆபீஸ். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு வசவு. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அம்மா எழுந்து போய் அணைத்தாள். ரீடிங் 496. அன்று மத்தியானமே ஏசி மறுபடி பதினெட்டுக்குப் போய்விட்டது.

கால்தடக் கணக்கர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலகம் இப்போது ஏறக்குறைய ஒன்றே முக்கால் பூமியின் வரும்படியைச் செலவழிக்கிறது என்கிறார்கள். அப்படிச் சொன்னால் யார் பயப்படுவார்கள்? முதல் பூமியைத் தாண்டினால் அந்த முதல் பூமிக்கும் சேர்த்து ரேட் ஏறும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து ரீடிங் எடுப்பார்கள் என்று அறிவித்துப் பார்க்கட்டும். முந்தின வாரமே உலகம் 27-க்கு வந்துவிடும்.

இந்த யோசனையை மகனிடம் சொன்னேன். "அந்த ஸ்லாபைத் தாண்டி ரொம்ப நாளாச்சுப்பா. மே மாசம் இந்த வெயில் அடிக்குதே, அதுதான் பில்" என்றான்.

"அதைத்தாண்டா நானும் சொல்றேன்" என்றாள் அம்மா, "என்ன வெயில்! ஏசியைப் போடு."