கொஞ்சம் கூடுதல் வேகம் வேண்டும்!

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் அத்தனையும் மதர்போர்டைச் சுற்றியே. சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து, அதை ஓவர்கிளாக்கும் செய்துபார்க்கத் துடிக்கும் வாசகர்கள் இவ்வளவு பேரா என்று மகிழ்ந்துபோனேன்.

ஐ7-13700கே பிராசசரை பி760 போர்டில் போட்டேன். பயாஸில் மூலை முடுக்கெல்லாம் தேடியும் மல்டிபிளையரைக் கூட்ட வழியில்லை. போர்டில் பழுதா?
— கல்லூரி மாணவர், சேலம்

பழுதில்லை, பூட்டு. இன்டெல்லைப் பொறுத்தவரை 'கே' என்று முடியும் பிராசசரும் இசட் வரிசை சிப்செட்டும் (இசட்690, இசட்790, இசட்890) ஜோடி சேர்ந்தால்தான் மல்டிபிளையரைத் தொட முடியும். பி760 உங்களுக்கு ரேம் வேகத்தைக் கூட்ட விடும், பவர் லிமிட்டை உயர்த்த விடும். அதோடு சரி.

அவசரப்பட்டு போர்டை விற்றுவிடாதீர்கள். இன்றைய பிராசசர்களை அவற்றின் எல்லைக்கு அருகே ஓடவிட்டுத்தான் கம்பெனியே அனுப்புகிறது. ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே 6 கிகாஹெர்ட்ஸ் தொடும். அதற்கு மேல் நீங்கள் கைவைத்துப் பெறுவது சில சதவீதம்தான்.

ஏஎம்டி இதில் தாராளம். பி650 போன்ற நடுத்தர போர்டிலேயே பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாம். ஏ620 போர்டில் மட்டும் முடியாது.

அப்படியானால் எக்ஸ்670 எதற்கு?
— அதே மாணவர், அதே கடிதத்தின் பின்பக்கம்

கூடுதல் யுஎஸ்பி, கூடுதல் எஸ்எஸ்டி, கூடுதல் பிசிஐ லேன் வேண்டுவோருக்கு. வேகத்துக்காக அல்ல.

1998-ல் செலரான் 300ஏ வாங்கி 450-ல் ஓட்டியவன் நான். அந்தச் சுகம் இனி கிடைக்குமா?
— ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த செலரானின் மல்டிபிளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் போர்டின் பஸ் வேகத்துக்குப் பூட்டு இல்லை. 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450-ல் ஓடும். பாதிக்குப் பாதி லாபம்! அதன் 128 கிலோபைட் கேஷ் பிராசசருக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியதால், பல மடங்கு விலை கொடுத்து பென்டியம் 2 வாங்கியவரோடு சரிக்குச் சரி நிற்க முடிந்தது. 100 மெகாஹெர்ட்ஸுக்கென்றே வந்த 440பிஎக்ஸ் சிப்செட்டும், ஜம்பரைத் தொடாமல் பயாஸிலேயே வேகத்தை மாற்ற விட்ட அபிட் பிஎச்6 போர்டும் அன்றைய ரசிகர்களின் செல்லங்கள்.

அந்த 50 சதவீதம் இனி வராது. ஆனால் போர்டின் வேலை அன்றைவிட இன்று கடினம் என்பது என் கருத்து. அன்று அது தாளத்தை மாற்றினால் போதும். இன்று அது மின்சாரத்தைச் சுமக்க வேண்டும். அடுத்த பதிலை நீங்களும் படியுங்கள்.

விளம்பரத்தில் '16+1+1 ஃபேஸ்' என்று போடுகிறார்கள். எத்தனை ஃபேஸ் இருந்தால் நல்ல போர்டு?
— மோட்டார் பட்டறை உரிமையாளர், கோவை

மதர்போர்டு வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசசர் கேட்பது ஒன்றேகால் வோல்ட் அளவில். ஓவர்கிளாக் செய்த பிராசசர் 250 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250-ஐ 1.25-ஆல் வகுத்துப் பாருங்கள்: 200 ஆம்பியர்! வீட்டில் ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். இந்த 200 ஆம்பியரை உண்டாக்கித் தருவது பிராசசர் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட், சோக், கெப்பாசிட்டர் கூட்டம். அதற்குப் பெயர் விஆர்எம். ஒவ்வொரு ஃபேஸும் இந்தச் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

பங்கு குறைந்தால் சூடு எப்படிக் குறைகிறது பாருங்கள். மின்தடையால் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும் என்பது பட்டறை நடத்தும் உங்களுக்குத் தெரியும். 5 ஃபேஸ் என்றால் தலைக்கு 40 ஆம்பியர். 10 ஃபேஸ் என்றால் 20. ஒரு ஃபேஸில் இந்தவகைச் சூடு நாலில் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு பவர் ஸ்டேஜ் 50 ஆம்பியர் தாங்குவதா, 90 தாங்குவதா என்று பாருங்கள். '+' குறிக்கு முன்னால் இருக்கும் எண்தான் பிராசசர் கோர்களுக்கானது. பின்னால் வருபவை மற்ற பகுதிகளுக்கு.

அடுத்து ஹீட்சிங்க். நல்ல விஆர்எம்கூட 10 சதவீதம் சக்தியைச் சூடாகவே கொட்டினால், 250 வாட் பிராசசருக்கு 28 வாட் அந்தச் சின்ன இடத்தில் சேர்கிறது. கனமான அலுமினியக் கட்டியில் துடுப்புத் துடுப்பாக வெட்டு இருந்தால் அது வேலை செய்யும் ஹீட்சிங்க். பளபளப்பான பிளாஸ்டிக் மூடியைக் கண்டு மயங்காதீர்கள். என்னைக் கேட்டால், போர்டுக்காகச் செலவழிக்கும் பணத்தில் முதல் உரிமை இந்த விஆர்எம்முக்கும் அதன் தலைமேல் இருக்கும் உலோகத்துக்கும்தான்.

போர்டில் கலர் கலராக விளக்கு எரிந்தால் வேகம் கூடுமா?
— பள்ளி மாணவி, நாகர்கோவில்

விலை கூடும், கண்ணு.

மார்கழியில் ஓவர்கிளாக் செய்தபோது ஜோராக ஓடியது. மே மாதத்தில் தானாக வேகம் குறைகிறது. வாட்டர் கூலர்தான் போட்டிருக்கிறேன். பிறகும் ஏன்?
— வீடியோ எடிட்டர், வேலூர்

வேலூர் வெயிலை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா! ஏர் கூலரோ வாட்டர் கூலரோ, அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதைத்தான் கட்டுப்படுத்தும். 22 டிகிரி அறையில் 82-ல் நின்ற பிராசசர், 37 டிகிரி அறையில் 97-ல் நிற்கும். உங்கள் பிராசசர் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை என்றால் எல்லை 100. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்.

வாட்டர் கூலரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாதாரண ஏர் கூலரின் காற்றாடி, பிராசசருக்கு வீசும்போதே பக்கத்தில் இருக்கும் விஆர்எம்முக்கும் கொஞ்சம் காற்று தருகிறது. வாட்டர் கூலரில் காற்றாடி ரேடியேட்டரோடு கேபினெட்டின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. பிராசசர் குளிர்ந்திருக்கும், விஆர்எம் வெந்துகொண்டிருக்கும். கேபினெட்டின் பின்பக்கமும் மேல்பக்கமும் காற்றாடி வையுங்கள். சித்திரை, வைகாசிக்கென்று வோல்டேஜைச் சற்றுக் குறைத்து பயாஸில் தனி புரொஃபைல் சேமித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஓவர்கிளாக் நிலையாக இருக்கிறதா என்று பார்க்க உகந்த நேரம் மே மாதப் பிற்பகல், ஏசி போடாத அறை. அதில் நின்றது எப்போதும் நிற்கும்.

ரேமை நாலு குச்சியாகப் போடலாமா, இரண்டா?
— கணக்காளர், ஈரோடு

டிடிஆர்5 என்றால் இரண்டே. ரைசன் 7000-க்கு ஏஎம்டி தரும் கணக்கையே பாருங்கள்: இரண்டு குச்சிக்கு 5200, நாலு குச்சிக்கு 3600. நாலு இடம் இருந்தால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ ஆன் செய்யாவிட்டால், 6000 என்று வாங்கிய ரேம் 4800-ல் உட்கார்ந்திருக்கும்.

என் மகன் 40,000 ரூபாய்க்கு மதர்போர்டு கேட்கிறான். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எரிந்துவிடும் என்கிறான். நிஜமா?
— இல்லத்தரசி, மதுரை

சகோதரி, தம்பியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "உன் பிராசசர் எத்தனை வாட்?" 120 வாட் ரகம் என்றால் அதில் பாதி விலை போர்டே தாராளம், மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் அவன் விளையாட்டு இன்னும் நன்றாக ஓடும். 250 வாட் ரகம் என்றால் அவன் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. அப்போதும் 40,000 தேவையில்லை.

எரிவது பற்றி. அவன் அதை எங்கே கேட்டிருப்பான் என்று ஊகிக்கிறேன். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் போர்டோடு கருகின. போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவு மீறி ஏற்றியது காரணமாகப் பேசப்பட்டது. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டியது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, அதிக வோல்டேஜால் காலப்போக்கில் தடுமாறின. 2024-ல் திருத்தம் வந்தது, வாரன்ட்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. இரண்டிலும் தீர்வு பயாஸ் வழியாகவே வந்தது. அதனால் விலையைவிட, அந்த போர்டுக்கு பயாஸ் அப்டேட் தொடர்ந்து வருகிறதா என்பதுதான் முக்கியம். வாங்கியதும் அதைப் போடச் சொல்லுங்கள். கரன்ட் போகும் நேரத்தில் வேண்டாம். பாதியில் நின்றால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம். யுபிஎஸ் இருக்கட்டும். பிராசசர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்தால் இன்னும் நிம்மதி.

மகனிடம் கோபிக்காதீர்கள். கையால் ஒன்றைக் கட்ட ஆசைப்படுகிறான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் வாங்கப் போகிறேன். பெட்டியைத் திறந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?
— புதிதாக அசெம்பிள் செய்பவர், தாம்பரம்

சாக்கெட்டை. இப்போதைய இன்டெல்லிலும் ஏஎம்டி ஏஎம்5-லும் மெல்லிய பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, பிராசசரில் அல்ல. கடைக்காரர் முன்னாலேயே பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வரிசையில் ஒரு பின் மட்டும் வேறு மாதிரி மின்னினால் அது வளைந்திருக்கிறது. வேறு போர்டு கேளுங்கள். வளைந்த பின்னுக்கு வாரன்ட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. பார்த்ததை வீடியோவாக எடுத்துக்கொண்டு, பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்த பிளாஸ்டிக் மூடியையும் பத்திரப்படுத்துங்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது சாக்கெட்டை அதைப் போட்டு மூடித்தான் அனுப்ப வேண்டும்.